இரவல் பாட்டிலில் மூன்று பிளஸ்

மனுஷன் பொய் சொல்வான், மூத்திரம் பொய் சொல்லாது என்பது எங்கள் லேப் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடையின் மாடியில் இருக்கும் சின்ன லேபில் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக நான் டெக்னீஷியன். நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் ரிட்டயர்டு ஆனவர்கள், சுரங்கத்துக் கான்ட்ராக்ட் ஆட்கள், சுற்றுப்பட்டு ஊர் ஜனங்கள் எல்லோரும் அந்தக் குறுகலான படியில்தான் ஏறி வர வேண்டும். அடுத்தவர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே காலம் தள்ளுகிற என் சக ஜீவன்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பாடம் முக்கால்வாசி சரி. மூத்திரம் பொய் சொல்லாதுதான். அது சொன்னதற்கு அர்த்தம் சொல்கிறோமே நாம், அங்கேதான் வில்லங்கம்.

தேன் பாட்டில்

போன வருஷம் டவுன்ஷிப்பிலிருந்து ஒரு ரிட்டயர்டு இன்ஜினீயர் வந்தார். நாங்கள் கொடுக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வீட்டிலிருந்தே ஒரு கண்ணாடி பாட்டிலில், துணி சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்தார். ஸ்டிரிப்பை முக்கினேன். சர்க்கரைக்கான கட்டம் பச்சையைத் தாண்டிக் கரும்பழுப்புக்குப் போய்விட்டது. மனிதர் முகம் செத்துவிட்டது. அவர் வீட்டில் ஏழு தலைமுறைக்கு சர்க்கரை கிடையாதாம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. எங்கள் டப்பாவிலேயே மறுபடி பிடித்துத் தரச் சொன்னேன், அதிலும் ஒன்றுமில்லை. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அடியில் விரல் மொத்தத்துக்குத் தேன் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏன் சார் கழுவவில்லை என்று கேட்டேன். வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

"தேன் கெட்டே போகாத பொருள்மா. அதைப் போய் எதுக்குக் கழுவணும்?"

வெள்ளைக் கோட்டு

ஸ்டிரிப் நிறம் மாறினால் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்ற இந்தப் புத்தியெல்லாம் எனக்குப் பிறக்கும்போதே வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். எனக்கு வயது இருபத்திரண்டு. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. எங்கள் டாக்டரம்மா கிளம்பும்போதே தெளிவாகச் சொல்லியிருந்தார்: நிறம் மாறினால் பெயரை எழுதிக்கொள், வெறும் வயிற்றில் ரத்த டெஸ்ட்டுக்கு லேபுக்கு வரச் சொல், வேறு எதுவும் பேசாதே.

களை எடுத்துவிட்டு நேராக வரிசைக்கு வந்திருந்தார் ஒரு அம்மா. நாற்பது வயதிருக்கும், பெயர் அஞ்சலை, காலில் சேறுகூடக் காயவில்லை. அவருடைய ஸ்டிரிப் மூன்று பிளஸ் காட்டியது, அதாவது யூரினில் ஏகப்பட்ட சர்க்கரை. அன்றைக்கு முகாமில் அப்படிக் காட்டியது அது ஒன்றுதான். எனக்குக் கோட்டு தலைக்கேறிவிட்டது. வரிசையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி, உங்களுக்கு சுகர் இருக்கும்மா, இனிமேல் இனிப்பைத் தொடாதீங்க என்று தீர்ப்புச் சொன்னேன். பின்னால் நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். அதற்கப்புறம்தான் ரத்த டெஸ்ட் விஷயம் ஞாபகம் வந்து, திங்கட்கிழமை வாங்க என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அதான் தெரிஞ்சிபோச்சே. அதுக்கப்புறம் ரத்தம் வேற எதுக்கும்மா?"

ஓடாத பஸ்

ராஜமாணிக்கம் ஐயா சுரங்கத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டி ரிட்டயர்டு ஆனவர். மாடிப்படியில் ஏறும்போதே அவர் குரல் முதலில் வந்துவிடும். டாக்டரம்மா அவருக்கு சர்க்கரைக்கு ஒரு புது மாத்திரை எழுதியிருந்தார். அடுத்த மாதம் ரிப்போர்ட்டில் ரத்தச் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது, யூரினில் மட்டும் மூன்று பிளஸ். அவர் இரண்டாவது வரியை மட்டும் படித்துவிட்டு, மாத்திரையைத் தானே நிறுத்திவிட்டு, என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். ஒன்று உன் ரிப்போர்ட் தப்பு, இல்லை அந்த மாத்திரை தப்பு, இரண்டில் ஒன்றை இப்போதே சொல் என்றார்.

கீழே செல்போன் கடைக்குப் பக்கத்துக் கிளினிக்கிலிருந்து டாக்டரம்மாவே வந்துவிட்டார். கிட்னி ரத்தத்தை வடிகட்டும்போது சர்க்கரையும் சேர்ந்து குழாய்க்குள் இறங்கிவிடும். அதை வீணாக்கக் கூடாது என்று, குழாயின் சுவரில் உள்ள செல்களில் சில புரதங்கள் காவல் நிற்கின்றன. அவற்றுக்கு ஒரே வேலை, வருகிற சர்க்கரையைப் பிடித்துச் சுவரைத் தாண்டி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புவது. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை வீட்டில் கொண்டுபோய் விடுகிற கம்பெனி பஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பஸ் இத்தனைதான் என்று கணக்கு உண்டு. சர்க்கரை வியாதியில் கூட்டம் மிஞ்சிப்போகும், ஏற முடியாத மிச்சம் யூரினில் போகும். இந்தப் புது மாத்திரை வேண்டுமென்றே பாதி பஸ்ஸை நிறுத்திவிடுகிறது. ரத்தத்தில் சர்க்கரை குறையட்டும், யூரினில் போனால் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. அதனால் இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு யூரினில் சர்க்கரை தெரியத்தான் செய்யும்.

ஐயா ரிப்போர்ட்டை வாங்கி முதல் வரியையும் ஒரு தடவை படித்தார். கோபம் இறங்கிவிட்டது, ஆனால் தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ள மனமில்லை.

"முப்பது வருஷம் பஸ் வரலைன்னு ஆபீஸோட சண்டை போட்டேன். இப்ப பஸ்ஸை நிறுத்த நானே தினம் ஒரு மாத்திரை முழுங்கறேன்."

உப்புக்குத் துணை

இந்த வருஷம் கத்திரி வெயிலில் குமாரவேலுவை அவர் மனைவி செல்வி கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். குமாரவேலு சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கரி அள்ளிச் சுத்தம் செய்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி, முப்பத்தாறு வயது. நான்கு வருஷமாக அவருக்கு சர்க்கரை. மாத்திரை தவறாமல் சாப்பிட்டு நன்றாகக் கட்டுக்குள் வைத்திருக்கிறார். ஆனால் வேலை இடத்தில் ஒரு ஈ காக்கைக்கும் அது தெரியாது. தெரிந்தால் கேட் பாஸ் போய்விடும், கேட் பாஸ் போனால் சோறு போய்விடும் என்பது அவர் பயம்.

அன்றைக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. சர்க்கரைக்காரனாயிற்றே என்று வெறும் உப்புத் தண்ணீராகக் குடித்துத் தள்ளியிருக்கிறார். குடிக்கக் குடிக்கப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. டாக்டரம்மா கிளினிக்கில் படுக்கவைத்துத் திட்டிக்கொண்டே டிரிப் போட்டார். குடல் சுவரிலும் அந்தப் புரத பஸ் உண்டாம், அதற்கு ஒரு சட்டம்: உப்பும் சர்க்கரையும் ஜோடியாக வந்தால்தான் ஏற்றும். இரண்டும் உள்ளே போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். அதற்காகத்தான் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் அளவு பார்த்து இரண்டையும் கலந்து வைத்திருக்கிறார்கள், இந்த மாதிரி நேரத்தில் சர்க்கரை நோயாளியும் அதையே குடிக்கலாம், பிறகு லேபுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். ரத்தத்தைப் பார்த்தேன், நல்லபடியாகவே இருந்தது. தெம்பு வந்ததும் குமாரவேலு மெல்லச் சிரித்தார்.

"தனியா வந்தா உள்ள வுடமாட்டாங்களாமே. எங்க மெயின் கேட்டு மாதிரியே இருக்குதுங்க."

இரவல்

இரண்டு வாரம் கழித்து, குமாரவேலு வேலை செய்கிற கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு வருஷாந்திர ஃபிட்னஸ் டெஸ்ட். அந்த ஃபாரத்தில் ரத்த டெஸ்ட் கிடையாது. எடை, பிரஷர், கண், யூரின், அவ்வளவுதான். அது தேறி டாக்டர் கையெழுத்துப் போட்டால்தான் கேட் பாஸ் புதுப்பிப்பார்கள். போன தடவை யாரோ ஒருவருக்கு யூரினில் சர்க்கரை என்று பாஸை நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. நிஜமா என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் பயம் மட்டும் நிஜம். இருபது பேர், இருபது டப்பா, வரிசையாக முக்கிக்கொண்டே வந்தேன். பத்தொன்பது சுத்தம். குமாரவேலு பெயர் ஒட்டிய டப்பாவில் மூன்று பிளஸ்.

எனக்கு உதைத்தது. இவர் ரத்தத்தை இரண்டு வாரம் முன்னால்தான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸை நிறுத்துகிற புது மாத்திரையும் இவர் சாப்பிடுவதில்லை. அப்புறம் இவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வரும்? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் வெயில் என்றார், பிறகு ஆலைக் கரும்புச்சாறு என்றார். டப்பாவைத் தொட்டேன், அப்போதுதான் பிடித்தது என்றால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சில்லென்று இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது அவருடையதே இல்லை. செல்வியின் தம்பி பிரபு, இருபத்தாறு வயது, தினமும் விடியற்காலையில் ஆறு கிலோமீட்டர் ஓடுகிற ஆள். அவனிடம் கேட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் மோர் பாட்டிலோடு மோர் பாட்டிலாகக் கொண்டுவந்து, எங்கள் பாத்ரூமில் டப்பாவுக்கு மாற்றியிருக்கிறார்.

புது டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே போலீஸ் மாதிரி நின்றேன். இந்த முறை ஸ்டிரிப் நிறமே மாறவில்லை. சர்க்கரைக்காரர் மூத்திரம் தெள்ளத்தெளிவாக இருந்தது, ஆரோக்கியமான ஆளுடையதில்தான் சர்க்கரை. உங்களுக்கு ரத்தத்தில் கூட்டம் கட்டுக்குள் இருக்கிறது, இருக்கிற பஸ்ஸிலேயே எல்லாம் ஏறிவிட்டது, உங்களுடையதையே கொடுத்திருந்தால் பேசாமல் பாஸ் ஆகியிருப்பீர்கள் என்றேன். டாக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, சர்க்கரை உண்டு, கட்டுப்பாட்டில் இருக்கிறது, வேலைக்குத் தகுதி என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினார். அந்த வாரமே கேட் பாஸ் வந்துவிட்டது. பயந்த மாதிரி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். என்னை ஏன் ஏமாற்றப் பார்த்தீர்கள், நேரே வந்து கேட்டிருக்கக் கூடாதா என்று எனக்கு மனத்தாங்கல். அதைச் சொல்லியும் விட்டேன்.

"கேட்டா நீங்க எனக்காகப் பொய் சொல்லணும். உங்களப் பொய் சொல்ல வெக்கக் கூடாதுன்னுதாங்க பாட்டில மாத்துனேன்."

மச்சான்

குமாரவேலு தப்பித்தார். பிரபு மாட்டிக்கொண்டான். அந்த மூன்று பிளஸ் அவனுடையதாயிற்றே. மறுநாள் காலை வெறும் வயிற்றோடு மாமனும் மச்சானுமாக வந்து நின்றார்கள். பிரபுவுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. எங்க அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சி என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை, ஊசியை எடுத்தேன். வெறும் வயிற்றில் நார்மல். சாப்பிட்டபின் நார்மல். மூன்று மாதச் சராசரியும் நார்மல். யூரின் மட்டும் மறுபடி மூன்று பிளஸ்.

டாக்டரம்மா இதைத் தன் அனுபவத்தில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாராம். சிலருக்குப் பிறவியிலேயே கிட்னியில் அந்தப் பஸ் குறைச்சல். ரத்தத்தில் கூட்டம் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஏற இடமில்லாமல் கொஞ்சம் சர்க்கரை எப்போதும் வெளியே போய்க்கொண்டிருக்கும். ராஜமாணிக்கம் ஐயா மாத்திரை போட்டுச் செய்வதை இவன் உடம்பு சும்மாவே செய்கிறது. வியாதி இல்லை, மருந்து வேண்டாம், யாராவது யூரினை மட்டும் பார்த்துவிட்டு சர்க்கரை மாத்திரை கொடுத்தால் மட்டும் வாங்காதே என்றார். பிறகு, இது குடும்பத்தில் வழிவழியாக வரும், அம்மாவுக்கு ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று கேட்டார்.

ரத்தமே பார்த்ததில்லை என்றான் பிரபு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் யூரின் பார்த்துச் சொன்னார்களாம், அன்றையிலிருந்து பத்தியம்தானாம். அம்மா பெயர் என்ன என்று கேட்டேன். அஞ்சலை என்றான். குமாரவேலு பெருமையாகக் குறுக்கே வந்தார்.

"எங்க அத்தைக்கு சக்கரைன்னு கண்டுபுடிச்சதே நீங்கதாங்களே மேடம். அந்த நம்பிக்கையிலதான நாங்க எல்லாரும் இங்கியே வந்துகினு இருக்கோம்."

பலாச்சுளை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் அவர்கள் ஊருக்கு நானே போனேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம், அடியிலிருந்தே காய்த்துத் தொங்கியது. அஞ்சலையம்மா பாதியாகியிருந்தார். பன்னிரண்டு வருஷமாகக் கேழ்வரகுக் களியும் பாகற்காய்ச் சாறும். மகள் கல்யாணத்தில் பாயசத்தைத் தொடவில்லை. இவ்வளவு பெரிய மரத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் பழத்தை அறுத்து ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கையை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள்வாராம். ஊரில் அவருக்குப் பெயரே சக்கரைக்காரம்மா. பெண்கள் இரக்கப்பட்டு நடவுக்குக் கூப்பிடுவதையும் குறைத்துவிட்டார்கள். இதையெல்லாம் அம்மா வீட்டுக்கு வந்திருந்த செல்வி சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே போனார். எனக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது. அன்று ரத்தம் எடுத்துக்கொண்டு, யாரிடமும் எதுவும் பேசாமல் திரும்பினேன். அந்த ஒரு பாடத்தையாவது ஒழுங்காகச் செய்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மறுபடி போனேன். எல்லாம் நார்மல். அஞ்சலையம்மாவுக்கு சர்க்கரை இல்லை. எப்போதுமே இருந்ததாகத் தெரியவில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகனுக்கு இருக்கிற அதே பிறவி வாகுதான் அம்மாவுக்கும். நான் சுற்றி வளைக்கவில்லை. தப்பு என்னுடையது, அன்றைக்கு ரத்தம் பார்க்காமல் சொல்லியிருக்கக் கூடாது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமாகக்கூட இல்லை. பிரபு எழுந்து போய்ப் பழம் ஒன்றை இறக்கி அறுத்துத் தட்டில் வைத்தான்.

அஞ்சலையம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒரு சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, விரலில் வைத்தபடியே தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுளையைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இருக்குதுன்னு நீ வாயால சொன்னதையே ஊரு நம்பிடுச்சி. இல்லன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எழுதிக் குடும்மா."

இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது, இல்லை என்பதற்கோ பன்னிரண்டு வருஷமும் என்னுடையதும் டாக்டரம்மாவுடையதுமாக இரண்டு கையெழுத்தும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் ஆகி, அந்தக் காகிதத்தைப் பிரபு தெருவில் நின்று சத்தமாகப் படித்து முடித்த பிறகுதான், சக லேப்காரர்களே, முதல் சுளை அஞ்சலையம்மா வாய்க்குப் போனது.